செங்கல் துருகங்கள்: வட பிரான்சின் தியெராஷ் நாட்டு ஆலயங்கள்

பிரெஞ்சு தேசத்துச் சீர்திருத்த வரலாற்றைக் கற்பிக்கும்பொழுது பாரிசு, ஜெனீவா, லா ரொஷேல் என்னும் நகரங்களையே நாம் மாணவர்முன் நிறுத்துகிறோம். மன்னர்களும் கோமகன்களும் சங்கங்களும் அரசாணைகளுமே அவ்வரலாற்றின் உறுப்புகளாகின்றன. கிராமத்து மக்கள் அதில் தொகையாக மட்டும் வருகின்றனர். இத்தனை பேர் மாண்டனர், இத்தனை பேர் நாடு கடந்தனர் என்பதற்குமேல் நம் நூல்கள் அவர்களைப்பற்றிப் பேசுவதில்லை. பெரும்பாலும் எழுத்தறியாத அம்மக்கள் ஏடுகளை விட்டுச் செல்லவில்லை என்பது உண்மையே. ஆனால் அந்நாட்டின் வட எல்லையில் அவர்கள் எழுப்பிய சுவர்கள் உள்ளன. அவற்றைப்பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

தியெராஷ் என்பது எய்ன் மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. பெல்ஜிய எல்லையை அடுத்தது. நிலம் கனத்த களிமண், மழை மிகுதி. ஆகவே உழவைக் காட்டிலும் மேய்ச்சலுக்கே அது ஏற்றதாயிருக்கிறது. உயிர்வேலிகள் சூழ்ந்த புல்வெளிகள் மேடும் பள்ளமுமாய் விரிந்து கிடக்கின்றன. இடையிடையே ஆப்பிள் தோப்புகளும் சிற்றோடைகளும் காணப்படும். கடும் மணமுடைய மாருவால் என்னும் பாலாடைக்கட்டி இந்நிலத்தின் பெயர்பெற்ற பண்டம். துறவிமடம் ஒன்றின் பெயரையே அது தாங்கியுள்ளது. பெல்ஜியத்தில் ஊற்றெடுக்கும் உவாஸ் ஆறு இந்நிலத்தின் ஊடே மேற்கு நோக்கி ஓடுகிறது.

இவ்வாற்றோரமாய், கீஸ் நகருக்கும் இர்சோன் நகருக்கும் இடையே முன்னாளில் புகைவண்டி ஓடிற்று. தண்டவாளங்கள் அகற்றப்பட்டபின், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழி நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் உரியதாயிற்று. நார்வே நாட்டு ட்ரொண்ட்ஹைமிலிருந்து ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ வரை செல்லும் நெடிய மிதிவண்டிப் பாதையில் இன்று அதுவும் ஒரு பகுதி. பிரெஞ்சு நிலத்தில் அமைந்த பாதை 'ஸ்கான்டிபெரிக்' என்னும் பெயரோடு 2018-ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. இரு முனைகளும் இடைக்காலத்தில் திருப்பயணிகள் நாடிச்சென்ற தலங்களாகையால், திருப்பயணிகளின் வழி என்றே முழுப் பாதையையும் அழைக்கின்றனர். புனிதரின் எலும்புகளைத் தேடிச் செல்லும் பயணத்தை நம் முன்னோர் கண்டித்தனர். அக்கண்டனத்தை நாமும் கைவிட்டோமில்லை. ஆயினும் வரலாறு கற்க விரும்புவோர்க்கு இவ்வழி மிகுந்த பயன் தரும். மோட்டார் வண்டியில் விரைவோர் வேலிகளுக்கு மேலே தோன்றும் கோபுரத்தை ஒரு கணம் கண்டு மறப்பர். மிதிவண்டியை மிதித்து மேடேறுகிறவருக்கோ, ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே எவ்வளவு தொலைவு, ஆபத்து வேளையில் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் ஓட்டிக்கொண்டு ஆலயம் சேர எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்பதெல்லாம் கால்களிலேயே தெரிந்துவிடும்.

பழைய புகைவண்டிப் பாதையின் ஓரத்திலேயே ஆங்க்லாங்கூர், சேன்-அல்ஜீஸ், ஓத்ரெப் முதலிய ஊர்களின் ஆலயங்கள் உள்ளன. ஆனால் பெரியவற்றைக் காண வேண்டுமாயின் பாதையை விட்டு விலகித் தெற்கே, வெர்வேன் நகருக்கு அப்பால், ப்ரூன் ஆற்றுப் பள்ளத்தாக்கிற்குள் சிறு சாலைகளில் இறங்கவேண்டும்.

அரண்கொண்ட ஆலயங்கள் தியெராஷ் நாட்டில் ஏறத்தாழ அறுபது உள்ளன. அவற்றின் காப்புக் கட்டடங்களிற் பெரும்பாலானவை 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. ஊரில் ஏற்கெனவே இருந்த ஆலயத்தோடு, நல்ல கட்டடக்கல் அரிதாகையால் உள்ளூர்க் களிமண்ணைச் சுட்டு, தடித்த செங்கற்சுவருடைய சதுரக் கோபுரம் ஒன்றை ஒட்டவைத்தனர். மூலைகளில் வட்டக் காவற்கூண்டுகளைத் தொங்கவிட்டனர். பலகணி இருக்கவேண்டிய இடத்தில் துப்பாக்கி முனை மட்டும் நுழையும் துளைகளை அமைத்தனர். ஒருவர்பின் ஒருவராக மட்டுமே ஏறக்கூடிய சுழற்படி மேலே செல்லும். ஏறுகிறவனை மேலிருப்பவன் ஒருவனே தடுத்துவிட முடியும்.

பிரீஸ் கிராமத்துக் கோபுரம் 25 மீட்டர் உயரமுள்ளது. பழைய ஆலயம் அதன் காலடியில் ஒடுங்கி நிற்கிறது. பூரெல் ஆலயத்தில் குறுக்குச்சாலையின் மேல்தளம் முழுவதும் புகலிட மண்டபமாக அமைந்துள்ளது. பிளோமியோனில் சதுரக் கோபுரத்தின் இருபுறமும் இரண்டு வட்டக் கோபுரங்கள் காவல் நிற்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்போர் அதைப் பிரபுவின் கோட்டை என்றே கொள்வர். விமி ஆலயத்தினுள் கிணறு உண்டு, பெரிய கணப்படுப்புகள் உண்டு, ரொட்டி சுடும் அடுப்பும் உண்டு. திருவிருந்தின் அப்பமும் பசிக்கு உண்ணும் அப்பமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்பதை இறையியல் மாணவர் கவனிக்கவேண்டும். முற்றுகை சில மணி நேரத்திற்கானதன்று, நாட்கணக்கில் நீடிக்கலாம் என்று எண்ணியே அவ்வூரார் கட்டினர்.

வேறொன்றும் நம் கருத்தை ஈர்க்கிறது. சூளையில் மிகுதியாய் வெந்து கருத்த செங்கற்களைத் தெரிந்தெடுத்து, சிவந்த சுவரில் சாய்சதுரங்களையும் சிலுவைகளையும் அவர்கள் கோலமாகப் பதித்திருக்கின்றனர். கொள்ளையர் எப்பொழுது வருவரோ என்று அஞ்சிக் கட்டியவர்கள் அழகையும் மறக்கவில்லை.

இவ்வளவு அச்சம் எதனால் வந்தது? நம் வாசகரிற் பலர், ஹூகனோத்தருக்கு அஞ்சியே கத்தோலிக்கக் கிராமத்தார் இவ்வரண்களை எழுப்பினர் என்று எண்ணக்கூடும். அது பாதி உண்மைகூட அன்று. தியெராஷ் எல்லை நாடு. அதன் வடக்கே இருந்த நெதர்லாந்து மாகாணங்கள் ஸ்பெயின் மன்னரின் ஆளுகையில் இருந்தன. பிரான்சும் ஸ்பெயினும் மோதிய போதெல்லாம் படைகள் இவ்வழியே வந்தன, இவ்வழியே திரும்பின. இரண்டும் கத்தோலிக்க அரசுகளே. சம்பளமும் உணவும் ஒழுங்காகப் பெறாத அக்காலத்துப் போர்வீரன் கிராமத்தைக் கொள்ளையிட்டே வயிறு வளர்த்தான். நட்புப்படை, பகைப்படை என்ற வேறுபாடு குடியானவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மதப்போர்கள் இத்துன்பத்தைப் பெருக்கின என்பதை மறுப்பதற்கில்லை. கீஸ் கோமகன்களின் பட்டப்பெயர் உவாஸ் ஆற்றங்கரையிலுள்ள இந்தக் கீஸ் நகரிலிருந்தே வந்தது. அக்குடும்பத்தின் பிரான்சுவா 1562-ஆம் ஆண்டு மார்ச்சு 1-ஆம் நாள் வாஸி என்னும் ஊரில் வழிபாட்டிற்குக் கூடியிருந்த சீர்திருத்தச் சபையார்மேல் தன் ஆட்களை ஏவிய கொலைச்செயலோடு போர்கள் தொடங்கின. அவனுடைய மகன் ஆன்ரி 1572-ஆம் ஆண்டுப் படுகொலையில் முன்நின்றவன். 1588-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் புளுவா அரண்மனையில் அரசனின் கட்டளையால் கொல்லப்பட்டான். ஆனால் நம்மவர் சார்பில் போரிட்ட படைகளும், கூலிக்கு வந்த செருமானியக் குதிரைவீரர்களும், தானியக் களஞ்சியங்களைக் காணும்போது மற்றவரினும் மேலானவர்களாய் நடந்துகொள்ளவில்லை. இதைச் சொல்லாமல் விடும் திருச்சபை வரலாறு நமக்கு வேண்டாம்.

1598-ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் இரண்டு சமாதானங்கள் வந்தன. ஏப்ரலில் நான்காம் ஆன்ரி மன்னர் நான்ட் அரசாணையால் சீர்திருத்தச் சபையாருக்கு வழிபாட்டுரிமை அளித்தார். மே 2-ஆம் நாள் ஸ்பெயினோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கை தியெராஷ் நாட்டு வெர்வேன் நகரிலேயே கையொப்பமாயிற்று. முதலாவதை நாம் தேர்வுகளில் கேட்கிறோம். இரண்டாவதை எந்த மாணவரும் அறியார். பிளோமியோன், பூரெல் ஊர்களின் குடியானவர்களுக்கோ இரண்டாவதே உயிர் கொடுத்தது.

அச்சமாதானம் ஒரு தலைமுறைக்கே நிலைத்தது. 1635-இல் பிரான்சு ஸ்பெயின்மீது போர் அறிவித்தது. அடுத்த ஆண்டே ஸ்பானியப் படை லா கப்பெல் கோட்டையைக் கைப்பற்றிப் பிக்கார்டிக்குள் நுழைந்தது. 1643-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், கிழக்கே அண்மையிலுள்ள ரொக்ருவாவில் பிரெஞ்சுப் படை பெருவெற்றி கண்டது. வரலாற்று நூல்கள் அதைக் கொண்டாடுகின்றன. ஆனால் போர் ஓயவில்லை. 1650-இல் கீஸ் நகர் முற்றுகையிடப்பட்டது. நகர் வீழவில்லை; சுற்றுப்புறமோ பாழாயிற்று. அவ்வாண்டுகளில் பசியும் கொள்ளைநோயும் இப்பகுதியில் நிகழ்த்திய கொடுமையைக் கேள்வியுற்ற வின்சென்ட் தெ பால் தம் ஊழியர்களை உணவோடும் விதைத்தானியத்தோடும் அனுப்பினார். அவர்கள் எழுதிய கடிதங்கள் சிறு பிரசுரங்களாகப் பாரிசில் அச்சிடப்பட்டு, நன்கொடை திரட்டப் பயன்பட்டன. 1659-ஆம் ஆண்டில் பிரனீஸ் உடன்படிக்கை ஏற்பட்டபின்னரே இந்நாடு மூச்சுவிட்டது. பின்னர் பதினான்காம் லூயி எல்லையை வடக்கே தள்ளியதால் செங்கற்கோபுரங்களுக்கு வேலையில்லாமற் போயிற்று.

ஆலயத்தைக் கோட்டையாக்கலாமா என்னும் வினா திருச்சபைக்குப் புதியதன்று. 1123-ஆம் ஆண்டில் கூடிய முதலாம் லாத்தரன் சங்கம், பொதுநிலையினர் ஆலயங்களை அரணாக்குதலாகாது என்று விதித்தது. அவ்விதி, கோயிலைப் பிடித்து அதைத் தங்கள் கொத்தளமாக்கிக்கொண்ட பிரபுக்களை நோக்கியது. தியெராஷில் நிகழ்ந்தது அதன் நேர்மாறு. இங்கே தமக்கென்று வேறு கோட்டையில்லாத எளியவர் ஊரின் உறுதியான ஒரே கட்டடத்தை நாடினர். கர்த்தரைத் துருகம் என்று பாடும் சங்கீதங்களை நாம் ஆவிக்குரிய பொருளில் விளக்கப் பழகிவிட்டோம். அம்மக்கள் அச்சொல்லைக் கையால் தொட்டறிந்தனர். அந்தத் துளைகள் சுடுவதற்கே அமைந்தவை என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. திருப்பீடத்திற்கு நேர்மேலே நின்று ஒருவன் மற்றொரு கிறிஸ்தவனைக் குறிபார்த்தான். தற்காப்புக்கு எல்லை எது என்று போதிக்கும் ஆசிரியர்கள் இச்சுவர்களை உதாரணமாக எடுத்தால் மாணவர் எளிதில் விடைகூறார் என்பது நம் எண்ணம்.

சுவரே இல்லாதவர்களும் இதே மண்ணில் இருந்தனர். தியெராஷ் கூலியாட்கள் அறுவடைக் காலத்தில் மோ நகர்ப் பக்கம் வேலைக்குச் செல்வதுண்டு. அங்கே பிரிசொன்னே அத்தியட்சரின் ஆதரவில் லெஃபேவ்ர் முதலியோர் திருமறையைப் பொதுமக்களின் மொழியில் போதித்தனர். லெஃபேவ்ரின் பிரெஞ்சுப் புதிய ஏற்பாடு 1523-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அறுவடை முடித்துத் திரும்பியோர் கூலியோடு சுவிசேஷத்தையும் ஊருக்குக் கொண்டுவந்தனர் என்று இப்பகுதிச் சபைகளில் வழங்கிவருகிறது. லெமே என்னும் கிராமத்தில் சீர்திருத்தச் சபை இவ்வாறு வேரூன்றிற்று. மோ நகரிலோ 1546-இல் பதினான்கு பேர் எரிக்கப்பட்டனர்.

1685-இல் நான்ட் அரசாணை நீக்கப்பட்டது. வழிபாட்டு வீடுகள் இடிக்கப்பட்டன; போதகர்கள் நாடுகடத்தப்பட்டனர். அப்பொழுது தியெராஷிற்கு மேற்கே, ஆர்ஜிகூர் ஊருக்கும் தாம்ப்லே ஊருக்கும் இடையிலுள்ள கல்வெட்டுக் குழியொன்றில் மக்கள் இரவில் கூடினர். அவ்விடத்திற்குக் கற்பெட்டி என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. அங்கே கோபுரமில்லை, காவற்கூண்டில்லை. மேலே வானம், சுற்றிலும் உடைந்த கல். பிக்கார்டியில் மறைவாக ஊழியம் செய்த கார்தியன் ழிவ்ரி என்னும் போதகர் 1692-ஆம் ஆண்டில் பிடிபட்டு, மத்தியதரைக் கடலிலுள்ள சேன்ட்-மார்கெரித் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டார். படைவீரனுக்கு அஞ்சியவன் செங்கற்கோபுரத்தில் ஏறினான். அரசனின் சட்டத்திற்கு அஞ்சியவன் குழிக்குள் இறங்கினான். இருவரும் ஒரே மொழி பேசிய, ஒரே வகைக் களிமண்ணை மிதித்த குடியானவர்களே. ஒரு சாராரின் துன்பத்தை மட்டும் இரத்தசாட்சி வரலாறாக எழுதி, மறுசாராரைக் கொடுங்கோலரின் கூட்டத்தோடு சேர்த்து எண்ணுவது நம் பக்கத்து நூல்களில் நெடுநாளாய் இருந்துவரும் குறை.

மிதிவண்டிப் பாதை கீஸ் நகரைக் கடந்து உவாஸ் ஆற்றின் போக்கிலே சென்று நுவாயோனை அடைகிறது. 1509-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் கால்வின் அங்கே பிறந்தார். தந்தையார் அத்தியட்சரின் அலுவலகத்தில் பணிபுரிந்தவர். அங்குள்ள பேராலயத்தின் சிற்றாலயம் ஒன்றின் வருவாய் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு ஒதுக்கப்பட்டது. 1534-இல் அவர் அதைத் துறந்தார். அவர் பிறந்த வீடு முதல் உலகப் போரில் அழிந்து, பின்னர் அவ்விடத்தில் எழுப்பப்பட்ட கட்டடம் அருங்காட்சியகமாயுள்ளது. ஜெனீவாவில் வாழ்ந்த அவரை நாம் நன்கறிவோம். எல்லைப்போரின் நடுவே வளர்ந்த பிக்கார்டிச் சிறுவனை அத்துணை அறியோம்.

தியெராஷ் ஆலயங்கள் அதன்பின்னும் படைகளைக் கண்டன. 1914 முதல் 1918 வரை இந்நாடு செருமானியரின் பிடியிலிருந்தது. 1918-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் இரவு, போர்நிறுத்தம் வேண்டிவந்த செருமானியத் தூதுக்குழு லா கப்பெல் அருகிலேயே பிரெஞ்சு அணியைக் கடந்தது. ழான்ட் கிராமத்தின் அரண்கொண்ட ஆலயத்தில் சார்ல்ஸ் ஐக் என்னும் ஒல்லாந்த ஓவியர் 1962-இல் கிறிஸ்துவின் வாழ்க்கையை உட்சுவர்களில் தீட்டினார். வெளியே போருக்கான செங்கல், உள்ளே சுவிசேஷத்தின் வண்ணங்கள். அரசையும் சமயத்தையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, பிரான்சின் பழைய பங்கு ஆலயங்கள் ஊராட்சிகளின் உடைமையாயின. கூரை ஒழுகினாலும் செங்கல் உதிர்ந்தாலும் சில நூறு பேரே வாழும் கிராமமே அதைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்கவேண்டும். கதவு பூட்டியிருப்பின் திறவுகோலை ஊராட்சி அலுவலகத்திலோ எதிர்வீட்டிலோ கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.