கூலியின் முகத்தில் கண்டவர்



உண்மையான பக்தி எது என்ற கேள்வி நம் தோட்டங்களுக்குப் புதியதன்று. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் வழியிலும், பகாவ், தம்பின் வட்டாரங்களிலும் நம் முன்னோர் லயம் கட்டிக் குடியேறிய இடங்களில் முதலில் எழுந்தது மாரியம்மன் கோயில். சில தோட்டங்களில் கொஞ்சம் தள்ளி ஒரு சிறிய ஜெபவீடும் இருந்தது. தீமிதிக்கும் கூட்டம், கிறிஸ்மஸுக்கும் கூட்டம். கும்பிடாதவர் யாருமில்லை. கும்பிட்ட கை மறுநாள் காலையில் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரட்டுக் களத்தில் நின்று தொழிலாளியைக் கால் தூசியாக நினைத்துப் பேசிய துரையும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனவர்தான்.

அதே துரைமாரின் நாட்டில் பிறந்து, அதே வேதப் புத்தகத்தைப் படித்து, அதன் பொருளை வேறு விதமாகப் புரிந்துகொண்ட ஒருவரின் சரித்திரத்தை இன்று சொல்லப் போகிறோம். அவர் பெயர் சார்லஸ் பிரியர் ஆண்ட்ரூஸ். இந்திய மக்கள் அவரை 'தீனபந்து' என்று அழைத்தார்கள். ஏழைகளின் உறவினர் என்பது அதன் பொருள்.

ஆண்ட்ரூஸ் 1871 பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள நியூகாஸில் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையின் குரு. வீட்டில் பிள்ளைகள் பலர். ஆண்ட்ரூஸ் சிறுவனாக இருந்தபோது, தாயாருக்குச் சேர வேண்டிய பணத்தைக் காத்து வந்த குடும்ப நண்பர் ஒருவர் அதைச் சூதாட்டம் போன்ற வியாபாரத்தில் போட்டு முழுவதும் தொலைத்துவிட்டார். குடும்பம் வறுமையில் விழுந்தது. அன்று வீட்டு ஜெபத்தில் தந்தை என்ன சொல்லப் போகிறார் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவரோ அந்த நண்பருக்காகவே மனமுருகி வேண்டிக்கொண்டார். பகைவனையும் நேசியுங்கள் என்று இயேசு மலைமேல் அமர்ந்து போதித்ததைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்குமுன்னே வீட்டில் பார்த்துவிட்டார்கள். எத்தனை பிரசங்கம் கேட்டாலும் இப்படி ஒரு பாடம் கிடைக்குமா என்பது சந்தேகந்தான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவர் எழுதிப் பரிசு வாங்கிய கட்டுரை 1896-இல் நூலாக வந்தது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடக்கும் போராட்டத்தில் கிறிஸ்தவ சமயத்தின் கடமை என்ன என்பதே அதன் பொருள். கட்டுரை எழுதியதோடு நிற்கவில்லை. கப்பல் கட்டும் தொழிலாளர் வாழ்ந்த பகுதியிலும், தென் லண்டனின் ஏழைக் குடியிருப்பிலும் போய்த் தங்கிப் பணி செய்தார். பிறகு டில்லியிலுள்ள செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றக் கப்பல் ஏறினார். 1904 மார்ச் 20-ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். அந்த நாளைத் தம் இரண்டாவது பிறந்த நாளாக அவர் கொண்டாடி வந்தார்.

அந்தக் கல்லூரிக்கு முதல்வர் தேவைப்பட்டபோது, வெள்ளைக்காரரே அப்பதவியில் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அனுபவமும் தகுதியும் உள்ள சுசீல் குமார் ருத்ரா இருக்கும்போது நேற்று வந்த வெள்ளைக்காரரைத் தேடுவது எந்த நியாயம் என்று ஆண்ட்ரூஸ் வாதாடினார். 1906-இல் ருத்ரா முதல்வரானார். தமக்கு வரக்கூடிய நாற்காலியை நியாயத்துக்காக வேண்டாம் என்று சொல்வது எளிதான காரியமன்று. ஆசிரியர் தொழிலில் இருக்கும் நமக்கு அது நன்றாகத் தெரியும்.

இனித் தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். அங்கே நேட்டால் மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் தமிழர் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பியவர்கள் தலைக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1913-இல் காந்தியடிகள் தலைமையில் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. அது தொடங்கிய சுரங்க ஊரின் பெயரும் நியூகாஸில்தான்! ஆண்ட்ரூஸ் பிறந்த ஊரின் பெயரையே வெள்ளைக்காரர்கள் அங்கேயும் வைத்திருந்தார்கள். தமிழ்ப் பெண்கள் சுரங்கத் தொழிலாளரிடம் நேரில் போய்ப் பேசி, அவர்களை வேலையை விட்டு வெளியே வரச் செய்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரியில் உயிர் நீத்த கதை நமக்குத் தெரிந்ததே.

அந்தப் போராட்டத்துக்குப் பணம் வேண்டும் என்று கோபால கிருஷ்ண கோகலே இந்தியாவில் கேட்டபோது, ஆண்ட்ரூஸ் தாம் சேமித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். அது போதாதென்று தாமே புறப்பட்டார். நண்பர் பியர்சனும் உடன் சென்றார். 1914 ஜனவரித் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றது. மழித்த தலையோடு, ஒப்பந்தத் தொழிலாளியைப் போல் முரட்டுத் துணி உடுத்தி நின்ற ஒருவரைக் காந்தி என்று காட்டினார்கள். ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார். அந்த ஊர் வெள்ளைக்காரர்களுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் கூலிக்காரரின் காலைத் தொடுவதா என்று கொதித்தார்கள். தம் சீடர்களின் கால்களைக் கழுவித் துடைத்த குருவைத்தான் அவர்களும் வணங்கி வந்தார்கள் என்பது அன்று அவர்கள் நினைவுக்கு வரவில்லை போலும்.

ஆனால் ஆண்ட்ரூஸின் வாழ்க்கையைத் திருப்பியது இந்தக் காட்சியன்று. தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஓர் ஒப்பந்தத் தொழிலாளியை அவர் நேட்டாலில் கண்டார். முதுகில் அடிபட்ட தழும்புகள். ஆறுதல் சொல்ல ஆண்ட்ரூஸ் அருகே குனிந்தபோது அந்த மனிதர் அஞ்சி உடம்பைச் சுருக்கிக்கொண்டார். வெள்ளை முகம் அருகே வந்தால் அடி விழும் என்பதே அவர் அறிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன், 1894-இல், பாலசுந்தரம் என்ற தமிழர் இரண்டு முன்பற்கள் உடைந்து, கிழிந்த ஆடையோடு, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு நடுங்கியபடி காந்தியடிகளின் அலுவலகத்துக்கு வந்தாரே, அதே நடுக்கந்தான். இருபது ஆண்டில் எதுவும் மாறவில்லை.

அந்த முகம் ஆண்ட்ரூஸை விடவில்லை. 1915-இல் அவர் வாந்திபேதி கண்டு, பிழைத்து, உடல் தேறி வந்த நாட்களில், விழித்திருந்தபோதே அந்தத் தொழிலாளியின் முகம் கண்முன் தோன்றியது என்றும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இயேசுவின் முகமாக மாறியது என்றும் பிற்காலத்தில் அவரே சொன்னார். அது தரிசனமா, பலவீனத்தில் வந்த மனத்தோற்றமா என்று ஆராய்வது நம் வேலையன்று. பசித்தவனுக்கும் சிறைப்பட்டவனுக்கும் செய்தது எனக்கே செய்தது என்று இயேசு ஓர் உவமையில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டவர்கள் கோடிக்கணக்கானவர்கள். ஆண்ட்ரூஸ் அதைக் கேட்டுக் கப்பல் ஏறினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவரும் பியர்சனும் பிஜித் தீவில் இருந்தார்கள்.

பிஜி எங்கே இருக்கிறது என்று சிறுவர்கள் வரைபடத்தில் தேடிப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவுக்கும் அப்பால் பசிபிக் கடலில் உள்ள தீவுக்கூட்டம். 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் அங்கே கரும்பு வெட்டக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் போனார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் அளந்து கொடுத்த வேலையை முடித்தால்தான். வேலைக்கு வராவிட்டால் அது கூலிக் கணக்கோடு போகாது. நீதிமன்றம், அபராதம், சிறை! திருமணமாகாத ஆண்கள் மூன்று பேருக்கு லயத்தில் ஓர் அறை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆட்களை ஏற்றினார்கள். அதனால் பெண்கள் பட்ட பாடு வாய்விட்டுச் சொல்லக்கூடியதன்று. கொலையும் தற்கொலையும் மலிந்தன. பாரதியார் பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஏன் அப்படி அழுது பாடினார் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

ஆண்ட்ரூஸும் பியர்சனும் லயம் லயமாகப் போய்த் தொழிலாளரிடமே கேட்டு எழுதினார்கள். அந்த அறிக்கை 1916 பிப்ரவரியில் வெளிவந்தது. மார்ச் மாதம், மதன் மோகன் மாளவியா கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, ஒப்பந்தக் கூலி முறையை ஒழிப்பதாக அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு அறிவித்தார். ஆனால் இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆள் சேர்ப்பது நடக்கும் என்ற செய்தி பிறகு வெளிப்பட்டது. இது ஏமாற்று என்று ஆண்ட்ரூஸ் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக முன்வந்து முறையிட்டார்கள். 1917 மார்ச்சில் ஆள் ஏற்றுவது நின்றது. ஆண்ட்ரூஸ் அதே ஆண்டு மறுபடி பிஜிக்குப் போனார். 1920 ஜனவரி 1-ஆம் நாள் அங்கே மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்தாயின.

இதை ஆண்ட்ரூஸ் ஒருவரே சாதித்தார் என்று சொன்னால் அது சரித்திரமாகாது. கோகலே 1912-லேயே சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து தோற்றிருந்தார். பிஜியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த தோதாராம் சனாத்தியா ஊர் திரும்பித் தம் அனுபவத்தை 1914-இல் இந்தியில் நூலாக வெளியிட்டார். பர்ட்டன் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் 1910-லேயே தம் நூலில் அந்த அநியாயத்தைக் கண்டித்தார். ஹன்னா டட்லி என்ற அம்மையார் 1897 முதல் சுவா நகரில் இந்தியக் குடும்பங்களோடு குடும்பமாக வாழ்ந்து, அநாதைக் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். புலால் உண்ணாத அண்டை வீட்டாரை எண்ணித் தாமும் அதை விட்டார். இவர்களும் கிறிஸ்தவர்கள், கரும்புத் தோட்ட முதலாளிகளும் கிறிஸ்தவர்கள்.

இயேசுவிடம் ஒரு வேத பண்டிதர், என் அயலான் யார் என்று கேட்டாராம். இயேசு ஒரு கதை சொன்னார். கள்ளர் அடித்துப் போட்ட மனிதன் வழியோரம் குற்றுயிராய்க் கிடக்கிறான். கோயில் குரு ஒதுங்கிப் போகிறார். கோயில் ஊழியரும் ஒதுங்கிப் போகிறார். சாதியில் தாழ்ந்தவன் என்று அவர்கள் தள்ளி வைத்த சமாரியன்தான் இறங்கிக் காயம் கட்டுகிறான். யார் எனக்கு அயலான் என்று வந்த கேள்வியை இயேசு திருப்பிப் போட்டுவிட்டார்: விழுந்து கிடந்தவனுக்கு அயலானாக நடந்துகொண்டவன் யார்? நம் தோட்டங்களில் கிறிஸ்தவப் பிள்ளைகள் இந்தக் கதையை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதைக் கேட்டால் மதம் மாற்றிவிடுவார்களோ என்று மற்றப் பெற்றோர் சிலர் தயங்குவதும் உண்டு. ஆண்ட்ரூஸ் அப்படி ஆள் பிடிக்கப் போனவர் அல்லர். ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனில் வாழ்ந்தார். ஆரிய சமாஜத்துச் சுவாமி சிரத்தானந்தர் அவருக்கு உற்ற நண்பர். டில்லி முஸ்லிம் பெரியவர் சக்காவுல்லாவின் வரலாற்றை அன்போடு எழுதி வெளியிட்டார். தம் இயேசு பக்தியை எவரிடமும் மறைக்கவும் இல்லை.

அவருக்குக் கிடைத்த பெயரோ கலப்பானது. வெள்ளைக்காரர் பலர் அவரைத் தம் இனத்தைக் காட்டிக் கொடுத்தவர் என்றார்கள். இந்தியரிலும் சிலர் வெள்ளைக்காரர் ஆயிற்றே என்று சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1921-இல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பிச் சாந்த்பூரில் தடுக்கப்பட்டு, அடிபட்டு, வாந்திபேதியில் மடிந்தபோது, அங்கே ஓடிப் போய் அவர்களுடன் இருந்தவரும் அவரே. அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1925-லும் 1927-லும் அவரைத் தலைவராகத் தேர்ந்தது.

நம் மலாயாவில் இந்தியரை ஒப்பந்தத்தில் கொண்டுவருவது 1910-லேயே நிறுத்தப்பட்டது. நம் பாட்டன்மார் பலர் வந்தது கங்காணி முறையில். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்று காகிதத்தில் இருந்தது. முன்பணக் கடனும், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாமையும் அந்தக் காகிதத்தைவிட வலுவாக இருந்தன. சீனிவாச சாஸ்திரியார் இங்கே வந்து பார்த்து 1937-இல் அறிக்கை தந்தார். கங்காணிகளைக் கொண்டு ஆள் சேர்ப்பது தேவையில்லை என்றார். 1938-இல் கூலியைக் குறைத்தபோது, உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதையே இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது. பிஜியில் தொடங்கிய வாதத்தின் கிளைதான் இதுவும்: கடல் கடந்த தொழிலாளியின் மானத்துக்கு அவனை அனுப்பிய நாடும் பொறுப்பு என்ற வாதம்.

சி.எஃப்.ஏ. என்ற அவர் பெயரின் மூன்று எழுத்துகளுக்கு 'கிறிஸ்துவின் உண்மையுள்ள அப்போஸ்தலர்' என்று நண்பர்கள் விரித்துச் சொல்வது வழக்கம். ஒரு நண்பர் கொடுத்த சட்டையை அடுத்து வரும் ஏழைக்குக் கொடுத்துவிடுவார் என்று அவரைக் கேலி செய்வதும் வழக்கம். 1940 ஏப்ரல் 5-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அந்நகரின் லோயர் சர்க்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். 1971-இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, இந்திய அரசாங்கம் அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது.