ஓநாய்ச் சிலந்தி

ஓநாய்ச் சிலந்தி என்பது லைக்கோசிடே குடும்பத்துச் சிலந்திகளின் பொதுப்பெயர். 1833இல் சுவீடன் விலங்கியலாளர் சுந்தவால் வகுத்த இக்குடும்பத்தில் இன்று 2,400க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை வலை பின்னுவதில்லை. ஓடிப் பாய்ந்தே இரை பிடிக்கும். விதிவிலக்கு ஹிப்பாசா: புல்தரையிலும் வரப்பிலும் புனல் வடிவ வலை கட்டும்.

தமிழகச் சமவெளியில் பரவலாகக் காணப்படுபவை பார்டோசா பேரினத்தைச் சேர்ந்தவை. உடல் நீளம் பொதுவாக ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. திண்டுக்கல் வட்டாரத்தில் சிறுமலை அடிவாரத்து இலைச்சருகு, மா, தென்னந்தோப்புகளின் தரை, நெல்வயல் ஆகியவை இவற்றுக்கு ஏற்ற இடங்கள். பழுப்பும் சாம்பலும் கலந்த உடல் காய்ந்த சருகோடு ஒன்றிவிடுவதால், நகர்ந்தால்தான் தெரியும். இரவில் தேடுவது எளிது. டார்ச் விளக்கை நெற்றியோரம் பிடித்துத் தரையைப் பார்த்தால் பச்சை நீலப் புள்ளிகள் மின்னும். பனித்துளி என்று நினைத்து நெருங்கினால் அது ஓடும். கண்ணின் உட்புறத்திலுள்ள எதிரொளிப் படலமே காரணம். எட்டுக் கண்கள் மூன்று வரிசையில் அமைந்துள்ளன: கீழே சிறியவை நான்கு, நடுவில் பெரியவை இரண்டு, பின்னால் இரண்டு.

பெண் சிலந்தி தன் முட்டைப்பையை அடிவயிற்று நூற்புறுப்பில் ஒட்டிச் சுமந்தபடியே வேட்டையாடும். பை பறிபோனால் தேடி அலையும். அப்போது அதே அளவில் செதுக்கிய தக்கை உருண்டையைக் கொடுத்தால் அதையும் சுமக்கும் என்பதைப் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாபர் பெரிய ஓநாய்ச் சிலந்திகளிடம் சோதித்துக் காட்டினார். குஞ்சு பொரியும் காலத்தில் தாயே பையின் ஓரத்தைப் பிரித்துவிடும். குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிச் சில நாட்கள் தொற்றியிருக்கும். அதுவரை முட்டைக்கரு மிச்சமே அவற்றுக்கு உணவு. தாய் அவற்றுக்கு இரை ஊட்டுவதில்லை.

நஞ்சு மனிதருக்கு ஆபத்தானதல்ல. கண்டதும் செருப்பைத் தேடுவது வீண் வேலை, விவசாயிக்கு நட்டமும்கூட. நெல்வயலில் வாழும் பார்டோசா சூடோஅன்னுலேட்டா, தூரில் சாறு உறிஞ்சும் புகையானைத் தின்னும் முக்கிய எதிரிகளில் ஒன்று. பூச்சிமருந்தை அடிக்கடி தெளித்தால் சிலந்தி மடிகிறது. இலையுறைக்குள் வைத்த முட்டைகளிலிருந்து வரும் புகையான் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லாமல் பூச்சி முன்னைவிடப் பெருகுகிறது. இந்தோனேசியா இதனால் பட்ட இழப்பு பெரிது. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.