பொறியியல் கிளினிக்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கிளேர்மான்ட் நகரின் ஹார்வி மட் கல்லூரியில் 1963இல் தொடங்கிய பயிற்சித் திட்டம். பேராசிரியர்கள் ஜாக் ஆல்ஃபோர்டும் மாக் கில்கசனும் இதை உருவாக்கினர். மருத்துவ மாணவர் நோயாளிகளைப் பார்த்துத் தொழில் பழகுவதுபோல, பொறியியல் மாணவரும் நிஜமான சிக்கல்களைத் தீர்த்தே தேற வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

ஒரு நிறுவனம் கட்டணம் செலுத்தித் தன் சிக்கலைக் கல்லூரியிடம் ஒப்படைக்கிறது. நான்கைந்து மாணவர்கள் அடங்கிய குழு கல்வியாண்டு முழுவதும் அதில் உழைக்கிறது. குழுத் தலைவர் மாணவரே. பேராசிரியர் ஆலோசகர் மட்டும்தான். நிறுவனத்தின் சார்பில் பொறியாளர் ஒருவர் தொடர்பில் இருப்பார். பாடப்புத்தகக் கணக்கில் வேண்டிய எண்களெல்லாம் முன்கூட்டியே தரப்பட்டிருக்கும். இங்கோ எதை அளப்பது, எந்தக் கருவியால் அளப்பது, எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் மாணவர்களே முடிவு செய்ய வேண்டும். திட்டத்தின் உண்மையான பலம் இதுதான்.

கண்டுபிடிப்பின் உரிமை நிறுவனத்துக்கே போகிறது. மாணவருக்குக் கிடைப்பது அனுபவமும் மதிப்பெண்ணும்.

வடிவமைப்புக் கல்வியில் செய்த புதுமைகளுக்காக 2012இல் கில்கசன், அதே கல்லூரிப் பேராசிரியர்கள் கிளைவ் டிம், ரிச்சர்ட் ஃபிலிப்ஸ் ஆகிய மூவருக்கும் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி கோர்டன் பரிசை வழங்கியது.