பச்சை மீன் மனுஷனும் நாகலாபுரத்து சாமியும்

இரண்டு பவுண்டு கொடுத்து ஒரு பழைய பொம்மை வாங்கினேன். அதைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் சொந்த ஊர், கிருஷ்ணதேவராயர், பாகவதம் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. கொஞ்சம் நீளமான பதிவு. முன்னாடியே சொல்லிவிட்டேன், அப்புறம் திட்டக்கூடாது.

லண்டன் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'கார் பூட் சேல்' என்று ஒன்று நடக்கும். மைதானத்தில் வரிசையாகக் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வீட்டில் வேண்டாத சாமான்களை மேஜையில் பரப்பி விற்பார்கள். தங்கமணி பீங்கான் தட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்பது வயது சின்னவன் ஒரு அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பொம்மையை எடுத்தான். பச்சை உடம்பு, மீன் மூஞ்சி, மஞ்சள் கவசம். ஒரு கால் தொளதொளவென்று ஆடியது. கையில் ஆயுதம் இல்லை.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. மெர்-மேன்! ஹீ-மேன் கதையில் வில்லன் ஸ்கெலட்டரின் அடியாள், சமுத்திரத்துக்கு அடியில் இருக்கும் போர்வீரன்.

இங்கே ஒரு கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷனில் ஹீ-மேன் வந்தது. எங்கள் ஊர் வடமாலபேட்டையில், திருப்பதியிலிருந்து புத்தூர் போகிற ரோட்டில், டிவி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். இந்தியாவில் அந்தப் பொம்மைகளை 'லியோ' என்ற பெயரில் விற்றார்கள். மெட்ராஸில் இருந்த மாமா பையனிடம் ஒரு ஹீ-மேன் இருந்தது. தொடுவதற்கு அனுமதி உண்டு, எடுத்துக்கொண்டு வெளியே போக அனுமதி இல்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் திருவிழாவில் வாங்கிய மண் பொம்மைதான். நிற்க.

அன்று சாயந்திரம் வாட்ஸப்பில் அம்மாவிடம் சின்னவன் பொம்மையைக் காட்டினான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்கள்.

"இன்னாடா இது, நாகலாபுரத்து சாமியாட்டம் கீது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ராத்திரி படுத்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது தப்பே இல்லை.

முதலில் பொம்மையின் சரித்திரத்தைப் பார்த்துவிடலாம். நமக்கு எல்லாமே பொம்மைதான், கொலுவில் வைப்பதும் பொம்மை, குழந்தை கையில் இருப்பதும் பொம்மை. அமெரிக்காவில் அப்படி இல்லை. பொம்மை என்றால் பெண் குழந்தைக்கு என்று ஒரு எண்ணம். 1964ல் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் பொம்மையைக் கொண்டுவந்தபோது, அப்பாக்கள் பையனுக்கு வாங்கித் தரத் தயங்குவார்களே என்று 'ஆக்ஷன் ஃபிகர்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். சரக்கு அதேதான், லேபிள் மட்டும் வேறு. பி.காம் படித்தவனுக்கு இதெல்லாம் உடனே பிடித்துப்போகும்.

பார்பியை 1959ல் கொண்டுவந்த மேட்டல் கம்பெனிக்கு, எழுபதுகளில் ஸ்டார் வார்ஸ் பொம்மை செய்யும் உரிமை வாசல் வரை வந்தது. வேண்டாம் என்றுவிட்டார்கள். கென்னர் என்ற கம்பெனி வாங்கிக்கொண்டு அள்ளு அள்ளென்று அள்ளியது. அந்த வயிற்றெரிச்சலில் மேட்டல் சொந்தமாகச் செய்த வரிசைதான் 1982ல் வந்த ஹீ-மேன். முதல் வருஷம் வந்த எட்டுப் பேரில் மெர்-மேனும் ஒருவன். உயரம் ஐந்தரை அங்குலம்.

இதில் கவனிக்க வேண்டியது, பொம்மைகள்தான் முதலில், கதை பிறகு. வடிவம் தயாரான பிறகு அதற்கேற்றபடி குட்டிக் காமிக்ஸ் எழுதி டப்பாவுக்குள் போட்டார்கள். டிவி தொடர் வந்தது 1983ல். இன்னொன்று, ஒரே அச்சைப் பலபேருக்குப் பயன்படுத்தினார்கள். ஸ்கெலட்டரின் கையும் காலும்தான் மெர்-மேனுக்கும். தலையை மாற்று, நிறத்தை மாற்று, கவசத்தை மாற்று, புது ஆள் ரெடி. இது ஏதோ வெள்ளைக்காரன் மூளை என்று நினைக்காதீர்கள். தங்கமணி மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வாங்கிய தசாவதார செட்டை எடுத்துப் பார்த்தேன். மச்ச அவதாரத்துக்கும் கூர்மாவதாரத்துக்கும் இடுப்புக்கு மேலே ஒரே அச்சு!

மெர்-மேனுக்கு மீன் வால் கிடையாது. கால்தான். பொம்மை என்றால் தரையில் நிற்க வேண்டுமே. அந்தக் கால்களை உள்ளே ஒரு ரப்பர் இழுத்துப் பிடித்திருக்கும். வருஷம் ஆக ஆக ரப்பர் தளர்ந்து கால் ஆடும். எங்கள் பொம்மைக்கும் அதே வியாதிதான். புத்தூர் கட்டுப் போட்டால் சரியாகும் என்று சொன்னேன், வீட்டில் யாரும் சிரிக்கவில்லை :-)

1986ல் அமெரிக்காவில் மட்டும் 40 கோடி டாலருக்கு விற்ற இந்த வரிசை, அடுத்த வருஷமே 70 லட்சம் டாலருக்கு இறங்கியது. கடன் கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் சுவரில் எழுதி வைக்க வேண்டிய கணக்கு. அது கிடக்கட்டும்.

இப்போது நாகலாபுரம்.

திருப்பதியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். எங்கள் ஊரிலிருந்து புத்தூர், நாராயணவனம், பிச்சாட்டூர் வழியாகப் போவோம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி தாண்டி வரும். சுருட்டப்பள்ளியில் படுத்திருக்கும் சிவனைப் பார்க்கிற பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் தூரம் போனால் வேதநாராயண சுவாமி கோயில். கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509 முதல் 1529 வரை) கட்டியது, அவருடைய தாயார் நாகலாதேவி பெயரில்தான் ஊர் என்று சொல்வார்கள். இன்று திருமலை திருப்பதி தேவஸ்தான நிர்வாகத்தில் இருக்கிறது.

மூலவர் ஸ்ரீதேவி, பூதேவியோடு நிற்கிறார். இடுப்புக்கு மேலே மனித உருவம், கீழே மீன். வஸ்திரம் சாத்தியிருப்பதால் சட்டென்று தெரியாது. கையில் இருப்பது பிரயோகச் சக்கரம், அதாவது இதோ எறியப்போகிறேன் என்கிற நிலையில் இருக்கும் சக்கரம். வேதங்களைத் திருடிக் கடலுக்கடியில் ஒளித்து வைத்த சோமகாசுரனைக் கொன்று, வேதங்களை மீட்டு வந்த கோலம். கோயில் மேற்குப் பார்த்தது. மார்ச் கடைசி வாரத்தில் சாயந்திரம் ஆறு மணி வாக்கில், அஸ்தமிக்கிற சூரியனின் கதிர் ராஜகோபுர வாசல் வழியாக உள்ளே வந்து, முதல் நாள் பாதத்திலும் அடுத்த நாள் நாபியிலும் மூன்றாம் நாள் நெற்றியிலும் விழும். அதைத்தான் சூரிய பூஜை என்று கொண்டாடுகிறார்கள்.

நைனா என்னை முதல்முதலாக அங்கே கூட்டிக்கொண்டு போனது அந்தச் சூரிய பூஜைக்குத்தான். கூட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தோளில் தூக்கிக்கொண்டார். அர்ச்சகர் சுந்தரமான தெலுங்கில் தலபுராணம் சொல்ல, நைனா என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கேட்டேனாம், சாமிக்கு எதற்குக் கையில் சக்கரம் அப்படி இருக்கு என்று.

"கால் இல்லாதவரு ஓடிப் பிடிக்க முடியாது இல்ல? அதான் எறியறதுக்கு ரெடியா வெச்சிருக்காரு."

இத்தனை வருஷம் இது ஏதோ புராணத்தில் இருக்கிற விளக்கம் என்றே நினைத்திருந்தேன். பொம்மை வாங்கிய வாரத்தில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அங்கேதான் சுவாரசியம்.

மீன் கதை எழுத்தில் பழையதாகக் கிடைப்பது சதபத பிராம்மணத்தில். மனு கை அலம்பும் தண்ணீரில் ஒரு சின்ன மீன் வருகிறது, என்னைக் காப்பாற்று, வெள்ளம் வரும்போது உன்னைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. வளர்ந்து பெரிதாகி, கொம்பில் கட்டிய ஓடத்தை வடக்கு மலைக்கு இழுத்துப் போகிறது. அவ்வளவுதான். விஷ்ணு பெயர் இல்லை, அசுரன் இல்லை, ஆயுதம் இல்லை. மகாபாரதத்தின் வன பர்வத்தில் அந்த மீன் தன்னைப் பிரம்மா என்று சொல்லிக்கொள்கிறது! புராணங்களுக்கு வந்த பிறகுதான் அது விஷ்ணு.

பாகவதத்தில் கதை நம்ம பக்கம் வருகிறது. மீன் வந்து விழுவது திராவிட தேசத்து ராஜா சத்தியவிரதன் கையில், கிருதமாலா நதிக்கரையில். அது மதுரையின் கிருதுமால் நதிதான் என்று மரபாகச் சொல்கிறார்கள். இன்று அதைப் பார்த்தால் மீன் அல்ல, கொசு மட்டும்தான் வரும். இதே பாகவதத்தில்தான் தூங்கும் பிரம்மாவிடமிருந்து ஹயக்ரீவன் என்ற அசுரன் வேதங்களைத் திருட, மீன் அவனைக் கொன்று மீட்கிறது. (குதிரைமுகத்து ஹயக்ரீவப் பெருமாள் வேறு. குழப்பிக்கொண்டு என்னைக் கேட்காதீர்கள்.) அந்த அசுரனுக்கு நாகலாபுரத்தில் பெயர் சோமகன்.

ஆக, பரிசலை இழுக்கும் ஒரு சாதுவான மீன், நூற்றாண்டுகள் கடந்து கையில் சக்கரத்தோடு நிற்கும் போர்வீரனாக ஆகியிருக்கிறது. முழு மீனால் சக்கரம் பிடிக்க முடியாது, கை வேண்டும். அதனால் சிற்பி மேல்பாதியை மனிதனாக்கினார் என்பது என் ஊகம். மேட்டல்காரன் நிற்க வேண்டும் என்பதற்காகக் கால் வைத்தான். அங்கே பொம்மைக்குக் கதை தேடினார்கள், இங்கே கதைக்கு உருவம் தேடினார்கள்.

மீன் மனுஷன் என்றால் வில்லன் என்பதும் புதுப்பழக்கம்தான். பாபிலோனில் பெரோசஸ் என்ற பூசாரி கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுதினார். ஓவன்னஸ் என்று ஒரு மீன் உடம்புக்காரன் கடலிலிருந்து பகலில் வந்து மனிதர்களுக்கு எழுத்தும் கலைகளும் கற்றுக்கொடுத்துவிட்டு, ராத்திரியானால் கடலுக்கே போய்விடுவானாம். அதற்கும் முன்னால் அசீரியாவில் மீன் தோல் போர்த்திய ஞானிகளைச் சின்னச் சின்ன மண் பொம்மைகளாகச் செய்து, வீட்டுக்குக் காவலாகத் தரைக்கு அடியில் புதைத்து வைத்தார்கள். அவற்றில் சில இங்கே பிரிட்டிஷ் மியூசியம் வசம் இருக்கின்றன. அங்கே எழுத்தைக் கொடுத்தவன் மீன், நம்மிடம் தொலைந்ததை மீட்டவர் மீன். ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் ஆட்களிடம் எனக்கு அலர்ஜி.

நைனா சொன்ன விளக்கத்துக்கு வருகிறேன். படித்த எதிலும் அது இல்லை. அது அவராகவே அந்த நிமிஷம் தோளில் இருந்த பையனுக்காகச் சொன்னது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு விஷயம் உண்டு. 1953ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போனது. 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தினபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது, வடமாலபேட்டை திரும்பவில்லை. 2022ல் திருப்பதி மாவட்டம் வேறு தனியாகப் பிரிந்தாயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் தெலுங்கு. தமிழ் எழுத்து நைனா சாயந்திர வேளைகளில் ஸ்லேட்டில் போட்டுக்கொடுத்தது. பஸ் போர்டு, சாமான் கட்டிவரும் பேப்பர், எதையும் விடாமல் படிக்க வைப்பார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் கைப்பட எழுதியது என்று என்னிடம் இருப்பது பதினொரு கடிதங்கள். சின்னவனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். அந்தக் கடிதங்களை அவனால் படிக்க முடியாது. தப்பு அவனுடையது இல்லை. சாயந்திர வேளையில் நான் லேப்டாப்பில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கதையை அவனுக்குத் தமிழிலேயே சொன்னேன். சக்கரம் இடத்துக்கு வந்ததும் நைனா சொன்னதைச் சொன்னேன். பொம்மையின் ஆடும் காலைப் பிடித்துக்கொண்டே கேட்டவன், "அப்போ இவனுக்கும் கால் வேலை செய்யல. சக்கரம் வேணும்" என்றான். தமிழில்! பிறகு அட்டையில் ஒரு சக்கரம் வெட்டி, விரலிடுக்கில் சொருகி, கொலு பெட்டியிலிருந்த மச்ச அவதாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான். வில்லனைக் கொலுவில் வைக்கக்கூடாது என்று தங்கமணி. புரட்டாசி வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

தாத்தா தோளில் நான் பார்த்ததை அவனுக்குக் காட்ட வேண்டும். மார்ச் கடைசியில் இங்கே பள்ளிக்கூட லீவு பெரும்பாலும் பிந்தித்தான் ஆரம்பிக்கிறது. யோசித்துப் பார்த்தேன். மார்ச்சில் எந்த இடத்தில் சூரியன் மறைகிறதோ, அதே இடத்துக்கு செப்டம்பர் நடுவில் திரும்பி வர வேண்டும். கணக்குப்படி அப்போதும் கதிர் உள்ளே போகணும் இல்லையா? பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"செப்டம்பர்ல ஏதுடா வெயிலு, சாயந்திரம் ஆனா மூட்டம் போட்டுக்கும். நீ பேசாம அவன் ஸ்கூல்ல நாலு நாள் லீவு கேளு."

கடிதம் எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.