ஜூலியா மார்கரெட் கமரன்

ஜூலியா மார்கரெட் கமரன் (11 ஜூன் 1815 – 26 ஜனவரி 1879) 19ஆம் நூற்றாண்டின் முதன்மையான ஒளிப்படக் கலைஞர்களுள் ஒருவர். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் பெயர்பெற்று, இலங்கை மலைநாட்டின் டிக்கோயாவில் மறைந்தார். ஹட்டனுக்கு அப்பால் பொகவந்தலாவ புனித மரியாள் ஆலய வளவில் இவரது கல்லறை உள்ளது. 48 வயதுவரை இவர் கையில் கமரா இருந்ததில்லை. அதன்பின் எடுத்த படங்களில் குடும்பமும் விவிலியமும் மீண்டும் மீண்டும் வந்தன.

குடும்பம்

தந்தை ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி. தாய் பிரெஞ்சு வழியினர். ஜூலியா பிரான்சில் கல்வி கற்றார். 1836இல் உடல்நலம் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது வானியலாளர் ஜோன் ஹெர்ஷலையும், சட்ட அறிஞர் சார்ல்ஸ் ஹே கமரனையும் சந்தித்தார். முன்னவர் ஒளிப்படக் கலையை இவருக்கு அறிமுகப்படுத்தினார். பின்னவரை 1838இல் கல்கத்தாவில் மணந்தார். கணவர் இவரைவிட இருபது வயது மூத்தவர்.

இலங்கைப் பாடநூல்களில் வரும் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன் இந்தக் கணவரே. இராசகாரியம் என்ற கட்டாய உழைப்பு முறை ஒழியவும், 1833இல் சட்டநிரூபண சபை அமையவும் அக்குழுவின் பரிந்துரைகள் காரணமாயின. பெருந்தோட்டப் பொருளாதாரத்துக்கும் அவையே கதவு திறந்தன. அப்போது இலங்கைமேல் வந்த பற்று கணவருக்குக் கடைசிவரை விடவில்லை. இங்கே நிலமும் வாங்கிப்போட்டார். பின்னாளில் இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்த வீட்டுக்கு, இலங்கைத் தோட்டத்தின் பெயராலேயே 'டிம்போலா' என்று பெயரிட்டார்கள்.

ஜூலியா பெற்ற பிள்ளைகள் அறுவர். பெற்றோரை இழந்த உறவுப் பிள்ளைகளும் அவர்களோடு வளர்ந்தார்கள். பிச்சையெடுத்துத் திரிந்த மேரி ரயன் என்ற அயர்லாந்துச் சிறுமியையும் வீட்டுக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். வளர்ந்த மேரி 1867இல் ஹென்றி கொட்டனை மணந்தார். 1904இல் இந்திய தேசிய காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர் இந்தக் கொட்டன்தான்.

கமராவும் விவிலியமும்

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவே தொடக்கம். கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமானது. நிலக்கரி அறை இருட்டறையானது. கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, அதை வெள்ளிக் கரைசலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவும் முறை அது. எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்கவேண்டும். சற்றே கலங்கிய உருவங்களையும் தட்டில் விழுந்த கீறல்களையும் அக்கால விமர்சகர்கள் குறையாகச் சொன்னார்கள். இவர் பொருட்படுத்தவில்லை.

டெனிசன், கார்லைல், டார்வின், ஹெர்ஷல் ஆகியோரின் முகப்படங்கள் இவருக்குப் புகழ் தந்தன. இவரது பக்தியின் அடையாளமோ வேறு படங்களில் இருக்கிறது. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைத் திரும்பத் திரும்ப மாதாவாக நிறுத்தி, ஊர்க் குழந்தைகளை மடியில் வைத்துப் படமெடுத்தார். புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் வரும் ஆவியின் ஒன்பது கனிகளையும் ஒன்பது படங்களாக்கி, 1865இல் பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்தார்.

மலைநாட்டில்

1873இல் ஒரே மகள் பிரசவத்தில் இறந்தார். ஆண்மக்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இலங்கையில் இருந்தனர். கணவரின் மனமும் அங்கேயே இருந்தது. புகழின் உச்சியில் இருந்த ஜூலியா, 1875இல் கணவருடன் இங்கிலாந்து வாழ்வை விட்டுக் கப்பலேறினார். வழியில் இறந்தால் உதவட்டும் என்று இரண்டு சவப்பெட்டிகளையும், பாலுக்கு ஒரு பசுவையும் கொண்டு சென்றனர்.

அவர்கள் வந்து இறங்கிய காலம் நல்ல காலமன்று. 1869இல் தோன்றிய இலைத் துரு நோய் கோப்பித் தோட்டங்களை அரித்துக்கொண்டிருந்தது. களுத்துறையில் மகன் ஹார்டிஞ்சின் வீட்டிலும், மலைநாட்டுத் தோட்டங்களிலுமாக மாறிமாறி வாழ்ந்தனர். 1877இல் தாவர ஓவியர் மரியான் நோர்த் களுத்துறைக்கு வந்தபோது அவரையும் ஜூலியா படமெடுத்தார்.

இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு. தோட்டத் தொழிலாளரும் ஊரவரும் அவற்றில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் மாதாவாக நின்ற பணிப்பெண்ணின் பெயர் நமக்குத் தெரியும். இலங்கைப் படங்களில் நிற்பவர்களோ பெரும்பாலும் பெயரற்றவர்கள். தலைப்புகளில் அவர்களுக்கு இனமோ ஊரோ தொழிலோதான் உண்டு.

மறைவும் பின்னரும்

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயா கிளென்கெயன் தோட்டத்தில் ஜூலியா காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் இறந்து, பொகவந்தலாவையில் அவர் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அரைநூற்றாண்டளவு மங்கியிருந்த புகழை மீட்டவர்களுள் எழுத்தாளர் வெர்ஜினியா வுல்ஃப் ஒருவர். வெர்ஜினியாவின் தாய் ஜூலியாவின் தங்கை மகள். 1926இல் வெளிவந்த ஜூலியாவின் படத்தொகுப்புக்கு அவர் அறிமுகவுரை எழுதினார்.

பிள்ளைகள் நம்பி வந்த கோப்பி, தாய் இறந்த சில ஆண்டுகளில் அந்த மலைகளிலிருந்து மறைந்துபோனது. இன்று கல்லறையைச் சுற்றியுள்ள சரிவுகள் முழுவதும் தேயிலை. அவர் படங்களில் பெயரின்றி நின்றவர்களைப் போலவே தோட்டவேலைக்கு வந்தவர்களின் சந்ததியினர் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள்.