கராத்தேயில் இடைவெளி ஏன் கடைசியில் வருகிறது?

கராத்தே வகுப்பில் புதுசாகச் சேர்ந்தவர் முதல் சில மாதம் என்ன செய்வார்? வரிசையில் நிற்பார். முழங்காலை மடக்கி ஆழமாக நிலை எடுப்பார். ஆசிரியர் எண்ண எண்ணக் காற்றைக் குத்துவார். எதிரே ஆளே இருக்காது. சண்டைக் கலைக்கு இது விசித்திரமான தொடக்கம்தான். காரணம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டு ஒக்கினாவாவில் ஓர் ஆசிரியரிடம் ஒன்றிரண்டு பேர்தான் படிப்பார்கள். ஃபுனகோஷி கிச்சின் தன் ஆசிரியர் அசாத்தோவின் வீட்டுக்கு ராத்திரியில் போய்க் கற்றார். மூன்று காத்தாக்களுக்கே, அதாவது மூன்று அசைவுத் தொடர்களுக்கே, பத்து வருஷம் ஆச்சு.

1901 வாக்கில் இன்னோர் ஆசிரியரான இத்தோசு அன்கோ, ஷுரி தொடக்கப் பள்ளிக்குள் கராத்தேயைக் கொண்டுபோனார். பின்னர் மாணவர்களுக்காகப் பின்னான் என்ற ஐந்து காத்தாக்களை வகுத்தார். 1908இல் அவர் எழுதிய பத்து அம்சக் கடிதம் முக்கியமானது. முதுகு நேராக, தோள் இறங்கி, கால் உறுதியாக நிற்கணும் என்கிறார். அளவுக்கு மீறி முறுக்கினால் முகமும் கண்ணும் சிவந்து உடம்பு கெடும் என்றும் எச்சரிக்கிறார். ஆக, நிலையும் தளர்வும் அப்பவே பாடத்தில் இருக்கு.

இவை இரண்டையும் தனியாகப் பழகலாம். ஓர் ஆசிரியர் ஐம்பது பிள்ளைகளைத் திருத்தலாம். இடைவெளி அப்படியில்லை. ஜப்பானியர் 'மா-ஆய்' என்று சொல்லும் இந்த விஷயம் இரண்டு பேருக்கு நடுவில் மட்டுமே இருக்கு. எதிராளி அரை அடி நகர்ந்தால் கணக்கே மாறிவிடும். எங்கள் தொழில் பாஷையில், இது ஸ்கேல் ஆகாத பகுதி.

1922இல் ஃபுனகோஷி டோக்கியோ போனபிறகு பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்தார்கள். ஜோடிப் பயிற்சி வந்தது. ஆனால் எத்தனை அடி, எந்தக் குத்து என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவானது. அவர் மகன் யோஷித்தக்கா காலத்தில் நிலைகள் இன்னும் நீண்டு தாழ்ந்தன. 1925இல் வந்த நூலின் படங்களில் ஃபுனகோஷி நிற்கும் உயரத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1957இல், அவர் இறந்து சில மாதம் கழித்துத்தான் நடந்தது.

ஃபுனகோஷியின் இருபது நெறிகளில் ஒன்று, வகுத்த நிலை தொடக்கக்காரருக்கு, பிற்பாடு இயல்பாக நிற்பதே என்கிறது. அதாவது அந்த ஆழமான நிலை ஒரு படிக்கட்டு. வருஷங்கள் ஆகியும் அதிலேயே நிற்கிற மாணவர், எதிரே ஒரு ஆளைக் கேட்டு வாங்குவது நல்லது.