வண்டி வராத ரோட்டை யார் போட்டது?

"டெல்லியிலயா சைக்கிள் ஓட்டுறீங்க? இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டியாச்சா சார்?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ் நண்பர் இங்கே எனக்குக் கிடையாது. நியாயமான கேள்விதான். ரிங் ரோட்டில் சைக்கிளை இறக்குகிறவனுக்கு ஒன்று தைரியம் அதிகம் இருக்க வேண்டும், அல்லது வேறு வழியில்லாமல் இருக்க வேண்டும். ஆனால் டெல்லியைச் சுற்றி லாரி, பஸ், ஹாரன் எதுவும் இல்லாத ரோடுகளும் இருக்கின்றன. கூகிள் வரைபடத்தில் நீலக் கோட்டைத் தேடுங்கள். ஆற்றை விடுங்கள், அது வளைந்து நெளிந்து போகும். நேராகப் போகிற மெல்லிய நீலக் கோடு, அதாவது கால்வாய். அதன் கரையில் ஒரு பாதை ஓடும். இந்தப் பக்கத்து ஜனங்கள் அதைப் 'பட்ரி' என்பார்கள்.

கரும்பு விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் கிளை ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தபோதுதான் எனக்குப் பட்ரி பழக்கமானது. பயிரைப் பார்க்கப் போவதற்கு அதுதான் குறுக்கு வழி. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்கும் அதுவே ஆனது. ஓட்டிக்கொண்டே இருக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. இப்படி ஒரு அமைதியான ரோட்டை யார் போட்டார்கள்? எதற்காக? சைக்கிள்காரனுக்காகப் போட்டிருக்க மாட்டார்கள், அது மட்டும் நிச்சயம் :-)

டெல்லியிலிருந்து மீரட் போகும் வழியில் காசியாபாத் தாண்டி முராத்நகர். அங்கே பாலத்துக்கு அடியில் புரண்டு ஓடுவதுதான் மேல் கங்கைக் கால்வாய். ஹரித்வாரில் பிரிந்து வருகிற கங்கை. அந்தப் படித்துறையை உள்ளூரில் 'சோட்டா ஹரித்வார்' என்றே சொல்கிறார்கள்.

கதை ஒரு பஞ்சத்தில் தொடங்குகிறது. 1837-38இல் கங்கைக்கும் யமுனைக்கும் நடுவில் உள்ள இந்தப் பூமியில் மழை பொய்த்தது. இறந்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். நிவாரணப் பணிகளுக்குக் கம்பெனி அரசு ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் செலவழிக்க வேண்டி வந்தது. மனிதர்கள் செத்ததைவிட இந்தச் செலவுதான் அவர்களை அசைத்தது என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். கணக்குப் புத்தகத்தோடு காலம் தள்ளுகிறவன் வேறெப்படி யோசிப்பேன்?

ப்ராபி காட்லி என்ற ராணுவ அதிகாரி கால்வாய்த் திட்டம் போட்டார். 1842இல் தோண்ட ஆரம்பித்தார்கள். ஹரித்வாரில் கங்கையைத் தடுக்கக் கூடாது என்று பண்டாக்கள் எதிர்த்தார்கள். அணையில் ஒரு இடைவெளி விட்டு ஆற்றை ஓட விடுகிறேன் என்று சொல்லி அவர்களைச் சமாதானம் செய்தார் காட்லி. வேலைக்கு ஆள் பழக்க ரூர்க்கியில் 1847இல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். இன்றைய ஐஐடி ரூர்க்கி அதன் வாரிசுதான். அங்கேயே சோலானி ஆற்றின் மேல் கால்வாயைப் பாலம் கட்டிக் கடத்தினார்கள். கீழே ஆறு, மேலே கால்வாய்! 1854 ஏப்ரல் 8 அன்று கால்வாய் திறக்கப்பட்டது. முதன்மைக் கால்வாய் மட்டும் சுமார் 560 கிலோமீட்டர்.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் உள்ளே வருகிறார். நம்மூர்க்காரர் என்றால் ஆர்தர் காட்டன் :-) கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டியவர், கல்லணையைப் பார்த்துப் பாடம் படித்தவர். தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்து ஆட்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1860களில் இந்தக் கால்வாயைப் பார்வையிட்ட காட்டன் கடுமையாகக் குறை சொன்னார். தண்ணீரைத் திருப்பும் இடம் ஆற்றின் இவ்வளவு மேலே இருந்திருக்கக் கூடாது, கால்வாய்க்குச் சரிவு அதிகம், தண்ணீர் வேகமாக ஓடித் தரையை அரிக்கிறது என்றார். காட்லி பதிலடி கொடுத்தார். இரண்டு பேரும் அச்சில் மாறி மாறிச் சண்டை போட்டார்கள். கடைசியில் சரிவு அதிகம் என்பதை அரசும் ஒப்புக்கொண்டு கால்வாயைத் திருத்தி அமைத்தது. ஆனால் தலைப்பு ஹரித்வாரிலேயே இருந்தது. ஆற்றில் கீழே நரோராவில் இன்னொரு தலைப்பு வைத்து, கீழ்க் கங்கைக் கால்வாய் 1878இல் வந்தது.

சைக்கிளில் போனால் இந்தச் சண்டையைக் கண்ணால் பார்க்கலாம். மீரட் பக்கம் 'போலா கி ஜால்' என்று ஒரு இடம். சரிவைக் குறைக்கத் தண்ணீரைப் படி மாதிரி கட்டிக் குதிக்க விட்டிருக்கிறார்கள். அந்த விழ்ச்சியில் பிற்காலத்தில் மின்சாரமும் எடுத்தார்கள்.

சரி, ரோட்டுக்கு வருவோம்.

கால்வாய்க் கரை மண் கரை. பல இடங்களில் தண்ணீர் பக்கத்து வயலைவிட உயரத்தில் ஓடுகிறது. கரையில் ஒரு எலி வளை பெரிதானால் போதும், உடைப்பு எடுத்து ஊர் முழுகும். அதனால் யாராவது தினமும் கரையில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதிகாரி குதிரையில் போனார், காவலாள் நடந்து போனான். அந்தக் காவலாளை இங்கே கிராமத்தில் 'பத்ரௌல்' என்கிறார்கள். ஆங்கிலப் 'பட்ரோல்'தான் இப்படித் திரிந்துவிட்டது. ஆக, பட்ரி என்பது தண்ணீரைக் காவல் காக்கப் போட்ட பாதை. அதிகாரிகள் தங்க ஆங்காங்கே இன்ஸ்பெக்‌ஷன் பங்களா. கரையோரம் வரிசையாக ஷீஷம் மரங்கள்.

பொது வண்டிகளை ஏன் விடவில்லை? சக்கரத் தடம் பதிந்தால் மழைத் தண்ணீர் அதில் தேங்கும், கரை இளகும். அதற்காகச் சட்டமே போட்டார்கள். 1873ஆம் வருடத்து வட இந்தியக் கால்வாய் மற்றும் வடிகால் சட்டம், 70ஆம் பிரிவு. விதிகளுக்கு மாறாக, வேண்டாம் என்று சொன்ன பிறகும், கால்வாய்க் கரை மேல் மாட்டையோ வண்டியையோ ஓட்டிப் போனால் குற்றம். 'சொன்ன பிறகும்' என்பதைக் கவனியுங்கள். முதல் தடவை மன்னிப்பு உண்டு!

நூறு வருடத்துக்கு மேல் அந்தக் கரை அமைதியாக இருந்ததற்குக் காரணம் இதுதான். யாரும் சைக்கிளை நினைக்கவில்லை, காற்று மாசை நினைக்கவில்லை. தண்ணீரை நினைத்தார்கள். நிழலும் அமைதியும் கூடவே வந்த வட்டி.

இனி கொஞ்சம் வருத்தமான பகுதி.

ஆடி மாதத்தை ஒட்டி, வடக்கே சாவன் மாதத்தில், லட்சக்கணக்கான பேர் ஹரித்வாரிலிருந்து கங்கைத் தண்ணீரைக் 'காவட்' கட்டித் தோளில் சுமந்து நடந்து வருகிறார்கள். நம்ம காவடிதான், பெயர்கூட அதே. நெடுஞ்சாலையில் அவர்கள் நடந்தால் விபத்து, போக்குவரத்து நெரிசல். அதனால் கால்வாயின் ஒரு கரையைத் தார் ரோடாக்கி, சௌத்ரி சரண் சிங் காவட் மார்க் என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தேவை உண்மையானது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாத்திரை இரண்டு வாரம், தார் ரோடு வருடம் முழுக்க. மற்ற நாட்களில் மீரட் ரோட்டு நெரிசலுக்குப் பயந்த கார்கள் அதில் ஓட ஆரம்பித்தன.

எதிர்க்கரை மட்டும் மரங்களோடு பழைய மாதிரி இருந்தது. பிறகு அதன் மேலும் திட்டம் வந்தது. முராத்நகரிலிருந்து புர்காஜி வரை 111 கிலோமீட்டருக்கு இன்னொரு ரோடு. அதற்காக மூன்று மாவட்டங்களில் சுமார் 1.12 லட்சம் மரங்களை வெட்ட அனுமதி. 2024இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. வெட்டப்போவது சுமார் 33 ஆயிரம்தான் என்று மாநில அரசு சொன்னது. அந்த ஆகஸ்டுக்குள்ளேயே 17 ஆயிரத்துக்கு மேல் வெட்டியாகிவிட்டது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். கிழக்கு டெல்லித் தமிழர்கள் கேட்க முடியாது. சோனியா விஹார் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தண்ணீர் இந்த முராத்நகரிலிருந்துதான் குழாயில் வருகிறது. நம் வீட்டுச் சாம்பாரில் கொதிப்பது காட்லியின் கால்வாய். அதன் கரையைப் போக்குவரத்துக்கான இடமாகப் பார்ப்பதா, தண்ணீருக்கான காவலாகப் பார்ப்பதா என்பது நம் சமையலறை விஷயம். 1873இல் ஒரு அந்நிய அரசுக்கே புரிந்த கணக்கு இது. கரை பத்திரமாக இருந்தால் தண்ணீர் பத்திரம். மரத்தை வெட்டிச் சேர்க்கும் பத்து நிமிடப் பயண லாபம் எந்தப் பேரேட்டிலும் அதற்கு ஈடாகாது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெரிய கால்வாயைவிட அதிலிருந்து பிரியும் சின்னக் கிளைகளின் (இங்கே 'ரஜ்வாஹா') கரைகள் இன்னும் அமைதி. மண் பாதை என்பதால் மெல்லிய டயர் உதவாது, சாதா சைக்கிளே நல்லது. விடியற்காலையில் கிளம்புங்கள். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் வேண்டாம். கரையில் தடுப்புச் சுவர் கிடையாது, தண்ணீரின் இழுப்பு அதிகம், குழந்தைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். சாவனில் யாத்ரீகர்களுக்கு வழி விட்டு வீட்டிலேயே இருங்கள்.

தசரா முடிந்து தீபாவளி வரை வருடா வருடம் கால்வாயை மூடித் தூர் வாருவார்கள். அப்போது நம் குழாயிலும் தண்ணீர் குறையும். குடிநீர் வாரியத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பதில் ஒரு ஞாயிறு பிள்ளைகளோடு அங்கே போய் வாருங்கள். தண்ணீர் வடிந்த கால்வாயில், அது படிப்படியாக இறங்கும் இடங்களை அடித்தரை வரை பார்க்கலாம். காட்லியும் காட்டனும் எதற்காக அப்படி அடித்துக்கொண்டார்கள் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.